வாளும் சிலுவையும் – 8: தலைக்கு ஓராண்டு

போரில் தோற்றவன் தண்டனை அனுபவிப்பது உலக வழக்கம். வென்றவனைக் கூப்பிட்டு, "நீ எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி தண்டனை விதிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். 1066 இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் படைக்கு அது நேர்ந்தது. விதித்தவர்கள் வென்றவர்களின் சொந்த ஆயர்கள். அந்தப் படையெடுப்புக்குக் கப்பல் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சென்ற இதழில், அகுஸ்தீனார் தளபதி போனிஃபாசுக்கு எழுதிய கடிதத்தோடு நிறுத்தினோம். முறையான அதிகாரம் நடத்துகிற, நியாயமான காரணமுள்ள போரில் கிறிஸ்தவன் ஆயுதம் எடுக்கலாம்; ஆனால் அவன் மனத்தில் குரோதமும் ஆதிக்க ஆசையும் இருக்கக் கூடாது என்று அவர் வகுத்தார். அதோடு திருச்சபையின் கவலை தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் 300 ஆண்டு வாளைத் தொடாத சபை, பிறகு கான்ஸ்டன்டைன், பிறகு அகுஸ்தீனார், அடுத்து நேராகச் சிலுவைப்போர் என்று வேகமாகக் கதை சொல்லிவிடுகிறார்கள். அகுஸ்தீனார் இறந்த 430 க்கும் முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்த 1095 க்கும் இடையே 665 ஆண்டுகள் கிடக்கின்றன. இந்தத் தொடரிலேயே மிக முக்கியமானதாக நான் கருதும் ஒரு நம்பிக்கை அந்த இடைவெளியில்தான் உயிரோடு இருந்தது. போர் நியாயமானதாக இருக்கலாம், கட்டளையிட்டவர் முறையான அரசராக இருக்கலாம். அப்போதும் கொன்றவன் கையில் இரத்தம் இருக்கிறது, அதற்குப் பரிகாரம் செய்யாமல் அவன் பீடத்தை நெருங்கக் கூடாது என்ற நம்பிக்கை அது.

இதன் வேர் கிழக்கே இருக்கிறது. கப்பதோக்கியாவின் செசாரியா நகர ஆயரான புனித பசிலியார், 374 வாக்கில், இக்கோனியத்தின் ஆயர் அம்பிலோக்கியுவுக்கு எழுதிய கடிதங்களில் ஒழுங்கு முறைகள் பலவற்றை வகுத்துக் கொடுத்தார். அவற்றில் 13 ஆவது விதி போர்வீரனைப் பற்றியது. போரில் நிகழும் கொலையை முன்னோர்கள் கொலைக்குற்றமாக எண்ணவில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர்கள் கைகள் தூய்மையாக இல்லாததால், மூன்று ஆண்டுகள் நற்கருணை மட்டும் வாங்காமல் இருக்கச் சொல்வது நல்லது என்று ஆலோசனை கூறுகிறார். கொலைகாரன் என்ற பழி இல்லை. அதற்காகக் கை சுத்தம் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததுதான் பசிலியாரின் பெருமை.

பைசாந்தியப் பேரரசர்கள் பலர் இந்த விதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் விதி சாகவில்லை. 963 முதல் 969 வரை ஆண்ட நிக்கபோரஸ் போக்காஸ் பெரிய தளபதி; இஸ்லாமியப் படைகளோடு மோதி வெற்றிமேல் வெற்றி கண்டவர். போரில் சாகும் தம் வீரர்களை மறைசாட்சிகளாக அறிவிக்க வேண்டும் என்று திருச்சபையைக் கேட்டார். முதுபெரும் தந்தை போலியூக்தசும் ஆயர்களும் மறுத்துவிட்டார்கள். மறுப்பதற்கு அவர்கள் கையில் எடுத்தது அந்த 13 ஆவது விதியைத்தான். மூன்று ஆண்டு நற்கருணைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று பசிலியார் சொன்னவர்களை எப்படிப் பீடத்தில் வைத்து வணங்குவது? பேரரசரால் பதில் சொல்ல முடியவில்லை. சுமார் 600 ஆண்டுப் பழைய ஆலோசனை ஒன்று, உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவப் பேரரசரை அன்று தடுத்து நிறுத்தியது.

மேற்கே இந்த நம்பிக்கைக்கு வேறு வடிவம் கிடைத்தது. எந்தப் பாவத்துக்கு எவ்வளவு பரிகாரம் என்று குருக்களுக்கு வழிகாட்டும் சிறு கைந்நூல்கள் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பரவின. கேன்டர்பரியின் பேராயராக 668 முதல் 690 வரை இருந்த தியோடர் இந்த மரபில் முக்கியமானவர். புனித பவுல் பிறந்த அதே தார்சு நகரத்தில் பிறந்து, முதிய வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய தீர்ப்புகளாகத் தொகுக்கப்பட்ட நூல், அரசன் நடத்தும் போரில் ஒருவனைக் கொன்றவன் 40 நாள் பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறது. எசமான் கட்டளைப்படி கொன்றவனும் 40 நாள் கோவிலுக்குள் வரக் கூடாது. 'மேலிடத்து உத்தரவு' என்ற சமாதானத்தை 7 ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டு, 'சரி, அப்படியானால் 40 நாள்' என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பரிகாரம் என்பது இன்று பாவசங்கீர்த்தனத்தொட்டியில் குருவானவர் சொல்லும் நான்கைந்து செபங்களைப் போன்றதல்ல. குறித்த நாட்களில் ரொட்டி, உப்பு, தண்ணீர் மட்டும். இறைச்சியும் மதுவும் விலக்கு. பல இடங்களில் பரிகாரக்காரன் கோவில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். ஊரே அவனைப் பார்க்கும். என்ன காரணம் என்று ஊருக்கே தெரியும்.

இந்த மரபு எப்போதும் ஒரே உறுதியோடு இருந்தது என்று சொல்ல மாட்டேன். 841 ஜூன் 25 அன்று பொந்தனுவா என்னுமிடத்தில் பிராங்கு அரசகுலச் சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் படைநடத்தி, பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. வென்ற தரப்பின் ஆயர்கள் கூடி, இது கடவுளின் தீர்ப்பு, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார்கள். கோபத்தாலோ பகையாலோ வீண்புகழுக்காகவோ எதையாவது செய்தவன் மட்டும் இரகசியமாகப் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்றார்கள். எல்லாருக்குமாக மூன்று நாள் உபவாசம். அரசர்கள் பக்கத்தில் நிற்கும்போது ஆயர்களின் குரல் எப்படித் தணியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் 923 இல் சுவாசோன் போரில் பிராங்குகள் மறுபடியும் தங்களுக்குள் வெட்டிக்கொண்டபோது, ரெய்ம்ஸ் மாநிலத்து ஆயர்கள் இரு தரப்பு வீரர்கள்மேலும் மூன்று ஆண்டுத் தவக்காலங்களில் பரிகாரம் விதித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விசாரணைக்குள்ளேயே அவர்கள் போகவில்லை.

இனி நார்மண்டிக்கு வருவோம்.

வில்லியம் கோமகன் இளைஞராக இருந்தபோதே திருச்சபையின் சமாதான முயற்சிகளோடு கைகோத்தவர். உள்நாட்டுக் கலகக்காரர்களை 1047 இல் வென்ற கையோடு, கான் நகருக்கு அருகே ஆயர்கள் கூடி 'இறைவனின் போர்நிறுத்தம்' அறிவித்தார்கள். புதன் மாலை முதல் திங்கள் காலை வரை எவரும் எவரையும் தாக்கக் கூடாது. ஆண்டவர் பாடுபட்ட நாட்களும் உயிர்த்த நாளும் இரத்தமில்லாமல் கழியட்டும் என்பது நோக்கம். ஆனால் இந்த விதியிலிருந்து அரசருக்கும் கோமகனுக்கும் விலக்கு உண்டு. 19 ஆண்டு கழித்து ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த 1066 அக்டோபர் 14 ஒரு சனிக்கிழமை. ஒரு சாதாரணக் குதிரைவீரன் தன் அண்டைவீட்டான்மேல் கை ஓங்கக் கூடாத நாள்.

நார்மன்களின் பார்வையில் அந்தப் போருக்கு இருந்த நியாயத்தில் குறையே கிடையாது. இங்கிலாந்தின் முடியைத் தமக்கு விட்டுக்கொடுப்பதாகப் புனிதர்களின் திருப்பண்டங்கள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்த ஹெரால்ட், சத்தியத்தை மீறி முடிசூட்டிக்கொண்டார் என்பது வில்லியமின் வழக்கு. அந்தத் திருப்பண்டங்களையே கழுத்தில் அணிந்துகொண்டு அவர் களத்துக்கு வந்தார் என்றும், திருத்தந்தை இரண்டாம் அலெக்சாண்டர் கொடியொன்றை ஆசீர்வதித்து அனுப்பினார் என்றும் அவருடைய குருவான புவாத்தியேவின் வில்லியம் எழுதுகிறார். அன்று காலை கோமகன் திருப்பலி கண்டு நற்கருணை உட்கொண்டார். பயோ நகரத்து ஆயர் ஓடோவும் கூட்டான்ஸ் ஆயர் ஜெஃப்ரியும் படையோடு இருந்தார்கள். ஓடோ வில்லியமின் தாய்வழிச் சகோதரர்.

போரைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் ஏராளம். குன்றின்மேல் கேடயம் கேடயத்தோடு உரச நின்ற ஆங்கிலேயர் வரிசையை, காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி இருட்டும் வரை நார்மன்கள் தாக்கினார்கள். ஹெரால்டும் அவர் சகோதரர்கள் கிர்த், லியோஃப்வினும் விழுந்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, இன்னொரு சகோதரர் டாஸ்டிக் வடக்கே ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில், ஹெரால்டுக்கு எதிரணியில் நின்று மடிந்து. நால்வரையும் பெற்ற தாய் கீத்தா, ஹெரால்டின் உடலைத் தந்தால் அதன் எடைக்கு எடை பொன் தருவதாகச் சொல்லியனுப்பினார். வில்லியம் மறுத்துவிட்டார். இதைப் பெருமையோடு எழுதிவைத்தவரும் அவருடைய குருதான்.

பயோ சித்திரத் திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுமார் 70 மீட்டர் நீளத் துணியில் கம்பளி நூலால் தைத்த அந்தக் கதையில், மேலே குதிரைகள் பாயும்; ஓடோ கையில் தடியோடு இளைஞர்களை உற்சாகப்படுத்திக்கொண்டிருப்பார். போரின் இறுதிக் கட்டத்தில் கீழ்க்கரையைக் கவனியுங்கள். முதலில் வில்லாளிகள் வரிசையாக வருகிறார்கள். பிறகு பிணங்கள். பிணங்களின் இரும்புச் சட்டையைத் தலைவழியே உருவுகிறார்கள். உருவியபின் கிடப்பது வெறும் அம்மண உடல்கள். யார் நார்மன், யார் ஆங்கிலேயன் என்று அதன்பின் சொல்ல முடியாது. தைத்த கைகள் வென்றவர்களுக்காக வேலை செய்தன. ஆனாலும் இதை விட்டுவிடவில்லை.

இந்தப் பின்னணியில்தான் அந்த ஆணை வருகிறது. நார்மண்டியின் ஆயர்கள் வகுத்தது. திருத்தந்தையின் தூதராக 1070 இல் இங்கிலாந்து வந்து, உயிர்த்தெழுதல் விழாவில் வில்லியமின் தலையில் மறுபடியும் முடிவைத்த சியோன் நகரத்து ஆயர் எர்மன்ஃப்ரிட் அதைத் திருத்தந்தையின் அதிகாரத்தால் உறுதிப்படுத்தினார். 1067 இலேயே வகுக்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அது ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நின்று போக வேண்டும்.

பெரும்போரில் ஒருவனைக் கொன்றதாக அறிந்தவன், கொன்ற ஒவ்வொருவருக்கும் ஓராண்டு பரிகாரம் செய்ய வேண்டும். காயப்படுத்தி, அவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாதவன், எண்ணிக்கை நினைவிருந்தால், அடித்த ஒவ்வொருவருக்கும் 40 நாள் செய்ய வேண்டும். தொடர்ச்சியாகவோ இடைவிட்டோ செய்யலாம். எத்தனை பேர் என்றே தெரியாதவன், தன் ஆயரின் தீர்மானப்படி, வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாள்; அல்லது இயன்றால் ஒரு கோவிலைக் கட்டியோ ஒரு கோவிலுக்கு மானியம் விட்டோ மீட்டுக்கொள்ளலாம்.

முப்பது வயதுக் குதிரைவீரன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து, கையில் புதிய நிலமும் வந்து சேர்ந்தபின், அவன் தன் ஆயர்முன் மண்டியிடுகிறான். மூன்று பேரை வீழ்த்தியது நிச்சயமாகத் தெரியும். ஒருவன் முகம்கூட நினைவிருக்கிறது. இன்னும் ஐந்து பேரை வெட்டியிருக்கிறான். குதிரை நிற்கவில்லை, திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவன் கணக்கு மூன்று ஆண்டும் 200 நாளும். அந்தக் கணக்கைப் போட அவன் அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போயாக வேண்டும். ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியே நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 'ஆங்கிலேயர் படையை முறியடித்தோம்' என்று மொத்தமாகச் சொன்னால் ஆயர் ஏற்கமாட்டார். அவர் கேட்பது ஆட்களை; ஒரு ஆள், இன்னொரு ஆள், மற்றுமொரு ஆள். வென்றவன் வாயில் எப்போதும் கூட்டமாக வரும் எதிரியை இந்த ஆணை ஒவ்வொருவராகப் பிரித்து அவன் முன்னால் நிறுத்துகிறது. ஒன்பதரை நூற்றாண்டுக்குப் பிறகும் இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வில்லாளிகளுக்குத் தனி விதி. விட்ட அம்பு யார்மேல் பாய்ந்தது என்று அவர்கள் அறிய வழியில்லை. அதனால் எண்ணிக்கை கேட்காமல், மூன்று தவக்காலப் பரிகாரம். தூரத்திலிருந்து கொல்பவனுக்குத் தான் கொன்றவரைத் தெரியாது என்பதை ஆயர்கள் புரிந்துகொண்டார்கள்; தெரியாது என்பதற்காக அவனை விட்டுவிடவும் இல்லை. பீரங்கி, குண்டுவீச்சு விமானம், ட்ரோன் என்று கொல்பவனுக்கும் சாகிறவனுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் நம் காலம் இந்த வரியை மறுபடி படிக்க வேண்டும்.

மனத்தின் நோக்கத்தையும் ஆணை தோண்டுகிறது. கூலிக்காக மட்டுமே போரிட்டவன் சாதாரணக் கொலைக்குரிய பரிகாரத்தைச் செய்ய வேண்டும். அகுஸ்தீனாரின் குரல் இங்கே தெளிவாகக் கேட்கிறது. ஆயுதம் தொட்ட குருக்களுக்கு, இந்தப் பாவத்தைச் சொந்த நாட்டில் செய்திருந்தால் என்ன பரிகாரமோ அதுவே. போர் என்ற சலுகை அவர்களுக்கு இல்லை. ஓடோவின் பெயர் ஆணையில் இல்லை. ஆனால் இந்த வரியைக் கேட்டபோது நார்மண்டியில் எல்லாருடைய நினைப்பும் எங்கே போயிருக்கும் என்று யூகிப்பது கடினமல்ல.

பிறகு ஆணை களத்தை விட்டு வெளியே நடக்கிறது. போருக்குப் பிறகு வில்லியமின் படை லண்டனைச் சுற்றி வளைத்து, தானியமும் தீவனமும் தேடி ஊர் ஊராகப் போனது. அப்படி உணவு தேடிப் போன இடத்தில் எதிர்த்து நின்றவனைக் கொன்றிருந்தால், தலைக்கு ஓராண்டு. கொள்ளைக்குப் போன இடத்தில் கொன்றிருந்தால் மூன்று ஆண்டு. 1066 கிறிஸ்துமஸ் அன்று வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினார். அதன்பின் செய்த கொலை வேண்டுமென்றே செய்த கொலையாகவே கொள்ளப்படும். அரசருக்கு எதிராக ஆயுதத்தோடு நின்றவர்களைக் கொன்றதற்கு மட்டும் முந்தைய விதிகளே பொருந்தும். கற்பழித்தவர்களும் விபசாரம் செய்தவர்களும் சொந்த ஊரில் செய்திருந்தால் எப்படியோ அப்படியே தண்டனை ஏற்க வேண்டும். கோவிலில் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வென்ற நாட்டில் எதுவும் செய்யலாம் என்ற எண்ணத்தை வரிக்கு வரி வெட்டுகிறார்கள்.

இதன் ஓட்டைகளைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன்.

முதல் ஓட்டை பணம். ஏழை வில்லாளி தவக்காலத்தில் பட்டினி கிடக்க, பிரபு ஒரு கோவிலுக்கு மானியம் விட்டுத் தப்பிக்கலாம். அந்த மானியம் எங்கிருந்து வரும்? தோற்றவர்களிடம் பறித்த நிலத்திலிருந்து. 1086 இல் டூம்ஸ்டே கணக்கெடுப்பு நடந்தபோது பெரிய நிலக்கிழார்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருந்தார்கள். கொன்றதற்குப் பரிகாரம் உண்டு, பறித்ததைத் திருப்பிக் கொடு என்ற சொல் கோவில் சொத்துக்கு மட்டுந்தான். செத்தவனின் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஆணையில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் பயங்கரமானது. 1069–70 குளிர்காலத்தில், வடக்கே கலகம் செய்தவர்களை அடக்க வில்லியம் யார்க்ஷயரைச் சுட்டெரித்தார். பயிர், கால்நடை, தானியம், ஏர் எல்லாம் நெருப்புக்கு. மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். ஷ்ரூஸ்பரி அருகே 1075 இல் பிறந்து நார்மண்டியில் துறவியான ஓர்டெரிக் வித்தாலிஸ், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக எழுதுகிறார். எண்ணிக்கையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடு பார்க்கலாம். நடந்தது கொடூரம் என்பதில் ஐயமில்லை. தூதர் எர்மன்ஃப்ரிட் வில்லியமுக்கு மறுபடி முடிவைத்தது இதற்கடுத்த வசந்தத்தில். வாளால் கொன்றவனுக்குத் தலைக்கு ஓராண்டு என்று வகுத்த ஆயர்கள், பட்டினியால் கொன்றவனுக்கு எந்த அளவுகோலையும் வைத்திருக்கவில்லை. வில்லியமைப் பல இடங்களில் புகழும் ஓர்டெரிக் இந்தச் செயலுக்காக அவரைப் புகழ மறுத்துவிட்டார். 1087 இல் ருவான் நகரில் அரசர் மரணப்படுக்கையில் பேசியதாக அவர் எழுதும் உரையில், வடநாட்டுக் கொடுமையை வில்லியமின் வாயாலேயே அறிக்கையிட வைக்கிறார். ஆயர்களின் ஆணை விட்ட இடத்தைப் பிற்காலத் துறவி ஒருவர் தம் பேனாவால் நிரப்பினார்.

இத்தனைக்கும் பிறகும் இந்த ஆணையை வெறும் சடங்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. திருத்தந்தையின் கொடி, சத்தியத் திருப்பண்டங்கள், காலைத் திருப்பலி, முறையான கோமகனின் கட்டளை என்று ஒரு போர்வீரன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தன. அத்தனையும் கேட்டுவிட்டு, "நல்லது, எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். போரின் நியாயம் கொலையின் பாரத்தைக் குறைக்கும், நீக்காது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆவணம் எனக்குத் தெரியவில்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பல்லாண்டு சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, போரிலிருந்து வருகிறவனைச் சமூகம் சேர்ந்து சுத்திகரித்து ஏற்றுக்கொள்ளும் சடங்கு வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். கொன்றவனைப் பார்த்து 'நீ வீரன், நீ எதுவும் தப்பாகச் செய்யவில்லை' என்று முதுகைத் தட்டி அனுப்பினால் அவன் இரவில் தனியாக விழித்திருப்பான். 11 ஆம் நூற்றாண்டு ஆயர்கள் அவனைத் தனியாக விடவில்லை. பாரத்தின் எடையைச் சொன்னார்கள். அது என்றைக்குத் தீரும் என்றும் சொன்னார்கள்.

வில்லியமும் தம் பங்குக்கு ஒரு மடம் கட்டினார். போர் நடந்த அதே குன்றின்மேல், ஹெரால்ட் விழுந்த இடத்திலேயே பீடம் அமைய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். உச்சியில் தண்ணீர் கிடைக்காது, சற்றுக் கீழே கட்டலாம் என்று துறவிகள் சொல்லிப் பார்த்தும் அவர் கேட்கவில்லை என்று அந்த மடத்தின் நாளாகமம் சொல்கிறது. துறவிகள் வந்தது பிரான்சின் மார்முத்தியே மடத்திலிருந்து. மடம் புனித மார்ட்டினுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. இத்தொடரின் ஐந்தாம் பகுதியில் நாம் சந்தித்த அதே மார்ட்டின்தான்: ஜூலியனின் பாசறையில், போருக்கு முந்தின நாள், நான் கிறிஸ்துவின் வீரன், எனக்குப் போரிட அனுமதியில்லை என்ற பொருள்பட மறுத்து நின்றவர்.

எல்லாருடைய மனச்சாட்சியும் மடம் கட்டுவதோடு சமாதானமாகிவிடவில்லை. கித்மோன் என்ற நார்மன் துறவியை அழைத்து, இங்கிலாந்தில் ஆயர் பதவி தருவதாகச் சொன்னார் வில்லியம். கித்மோன் அரசர் முகத்துக்கு நேரே மறுத்தார். அந்த நாடு முழுவதும் கொள்ளைப் பொருள். அதில் ஒரு பங்கு எனக்கு வேண்டாம் என்பது அவர் மறுப்பின் சாரம். இதையும் ஓர்டெரிக்கே பதிவு செய்திருக்கிறார். கித்மோன் இத்தாலிக்குப் போய்ப் பின்னாளில் அவெர்சாவின் ஆயரானார்.

உரோமையிலும் முணுமுணுப்பு இருந்திருக்கிறது. 1066 இல் வில்லியமின் படையெடுப்புக்குத் திருத்தந்தையின் ஆதரவைப் பெற்றுத்தந்தவர் ஹில்டபிராண்ட். அவர் பின்னர் ஏழாம் கிரகோரி என்ற பெயரில் திருத்தந்தையானார். 1080 இல் வில்லியமுக்கு எழுதிய கடிதத்தில் பழைய கதையை நினைவூட்டுகிறார்: உமக்காக நான் பாடுபட்டபோது, இத்தனை கொலைகளுக்குத் துணைபோகிறாயே என்று சகோதரர் சிலர் என்னைப் பழித்தார்கள். கிரகோரி இதைச் சொல்வது வில்லியமின் நன்றிக்கடனை வசூலிக்க. நமக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. திருத்தந்தையின் சபையிலேயே அந்தப் போரைக் கொலை என்று சொன்ன வாய்கள் இருந்திருக்கின்றன.

இதே கிரகோரி 1078 இல் உரோமையில் கூட்டிய சங்கம், போர்வீரனின் தொழில் பாவமின்றிச் செய்ய முடியாத தொழில்களில் ஒன்று என்றும், அத்தகையவன் உண்மையாகப் பரிகாரம் செய்ய வேண்டுமானால் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. தன் ஆயரின் ஆலோசனைப்படி நீதியைக் காக்க எடுப்பதற்கு மட்டும் விலக்கு. அந்தச் சிறிய விலக்கு பெரிய வாசலாகத் திறக்க 17 ஆண்டுதான் ஆயிற்று.

1095 நவம்பரில் கிளெர்மோன் நகரில் இரண்டாம் உர்பான் ஒரு சங்கத்தைக் கூட்டினார். புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்திக்காக மட்டும் எருசலேமிலுள்ள இறைவனின் திருச்சபையை விடுவிக்கப் புறப்படுகிறவனுக்கு, அந்தப் பயணமே அவனுடைய முழுப் பரிகாரமாகக் கொள்ளப்படும் என்று சங்கம் விதித்தது. நோக்கம் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆனால் தட்டு இடம் மாறிவிட்டது. எர்மன்ஃப்ரிட்டின் காலத்தில் போர்க்களத்திலிருந்து திரும்பியவன் பரிகாரம் செய்தான். இப்போது போர்க்களத்துக்குப் புறப்படுவதே பரிகாரம். குதிரைவீரன் தன் தொழிலை விட்டு மடத்துக்குப் போகாமலே மீட்படைய இறைவன் புதுவழி திறந்துவிட்டார் என்று நொஜானின் கிபேர் என்ற மடாதிபதி மகிழ்ந்து எழுதினார். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. தலைமுறை தலைமுறையாகக் குற்ற உணர்வைச் சுமந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த விடுதலைக்கு எத்தனை பேர் உயிரால் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1096 இல் நார்மண்டியிலிருந்து புறப்பட்ட சிலுவைப்படைக்குத் தலைமை தாங்கியவர் வில்லியமின் மூத்த மகன் ராபர்ட். அவரோடு வயதான சிற்றப்பா ஒருவரும் போனார்: ஹேஸ்டிங்ஸில் தடியோடு நின்ற அதே ஆயர் ஓடோ. அவர் எருசலேமைப் பார்க்கவில்லை. 1097 தொடக்கத்தில் சிசிலியின் பலெர்மோவில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ராபர்ட் போய்ச் சேர்ந்தார். 1099 ஜூலை 15 அன்று நகரம் விழுந்தது. இஸ்லாமியரையும் யூதரையும் தெருக்களிலும் தொழுகை இடங்களிலும் வெட்டினார்கள். துலூஸ் பிரபுவின் குருவாகப் படையோடு வந்திருந்த ரெய்மண்ட், சாலமோனின் ஆலய வளாகத்தில் ஓடிய இரத்தத்தை வர்ணித்து, இது கடவுளின் நீதியான தீர்ப்பு என்று எழுதினார். ஒரு தலைமுறைக்கு முன் அவரைப் போன்ற குருக்கள் பாவசங்கீர்த்தனத்தில் உட்கார்ந்து காயங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு அடுத்த படி ஒன்று பாக்கியிருந்தது. கொல்வதே பரிகாரம் என்றால், துறவியே ஏன் கொல்லக் கூடாது? எருசலேமில் சில குதிரைவீரர்கள் துறவற வாக்குறுதி எடுத்துக்கொண்டு வாளோடு வாழத் தொடங்கினார்கள். அவர்களுக்கு மனம் உறுத்தியது. அந்த உறுத்தலைத் தீர்க்கப் பேனா எடுத்தவர், மேற்குலகில் அன்று எல்லாரும் செவிகொடுத்த கிளெர்வோவின் பெர்னார்டு. கிறிஸ்துவுக்காகக் கொல்பவன் பாவம் செய்வதில்லை என்று அவர் எழுதிய புத்தகத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)